மாவு அரைப்பது நீங்கள். பணம் விழுவது யார் கணக்கில்?

திருப்பூரை ஒட்டிய ஓர் ஊரிலிருந்து 38 வயதுச் சகோதரி ஒருவர் நோட்டுத் தாளில் ஏழு பக்கம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால், அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றிவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

பிறந்தது ஒட்டன்சத்திரம் பக்கம். கல்யாணமாகித் திருப்பூர் வந்தவர். பனியன் கம்பெனிகளில் பதினோரு வருடம் ஓவர்லாக் டெய்லர். கடைசி ஏழு வருடம் ஒரே கம்பெனி. 2025 ஆகஸ்ட் கடைசியில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபின் அங்கே ஆர்டர் குறைந்தது. ஒன்றரை ஷிஃப்ட் ஒரு ஷிஃப்ட் ஆனது, பிறகு வாரத்தில் மூன்று நாள் ஆனது, தீபாவளி முடிந்ததும் "கூப்பிடும்போது வாங்க" என்றார்கள். கூப்பிடவே இல்லை. அதே சமயத்தில் கணவர் தவணைக்கு எடுத்த லோடு ஆட்டோவை ஃபைனான்ஸ்காரர்கள் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அவர் இப்போது வாரத்தில் இரண்டு மூன்று நாள் லோடு இறக்கப் போகிறார். பத்தாவதும் ஆறாவதும் படிக்கும் இரண்டு பெண் பிள்ளைகள். லைன் வீட்டில் வாடகைக் குடித்தனம்.

தாய்வீட்டில் போட்ட மூன்று பவுன் சங்கிலியை அடகு வைத்து ஒரு டில்டிங் கிரைண்டர் வாங்கி, இட்லி மாவு விற்க ஆரம்பித்தார். இப்போது தினமும் முப்பது கிலோ போகிறது. இருபது கிலோ அக்கம்பக்கத்து லைன் வீடுகளுக்கு, கிலோ 50 ரூபாய். பத்துக் கிலோ ஒரு மெஸ்ஸுக்கு, கிலோ 40 ரூபாய், வாரக் கணக்கு. அந்த மெஸ்காரர் 18,000 ரூபாய் பாக்கி வைத்திருக்கிறார். எல்லாம் போக மாதம் 13,000 நிற்கிறது. ஆனால் மூன்று குழுக் கடன்களுக்கு மட்டும் மாதம் 11,000 ரூபாய்க்கு மேல் கட்ட வேண்டும். மூன்றும் இவர் பெயரில் எடுத்து ஆட்டோவுக்குக் கொடுத்தவை.

கேள்விகள் இவை. கிரைண்டரைத் தான் வாங்கிக் கொடுத்ததாகவும், வியாபாரம் தன்னுடையது என்றும் கணவர் சொல்கிறார், அது சரியா? அரசாங்கத்தில் பதிந்தால் மகளிர் உரிமைத் தொகை நின்றுபோகும், வரி கட்டச் சொல்வார்கள் என்கிறார் மாமியார், உண்மையா? குழுக்கடன் சார்கள் காலை ஏழு மணிக்கே வாசலில் உட்கார்ந்துகொள்கிறார்கள், என்ன செய்வது? சொந்தமாகச் சம்பாதித்தால் பின்னாளில் பிள்ளைகளுக்குக்கூட ஜீவனாம்சம் கேட்க முடியாதாமே? இதையெல்லாம் விட்டுவிட்டு மறுபடி கம்பெனிக்கே போய்விடலாமா?

கடைசிப் பக்கத்தில் இப்படி எழுதியிருக்கிறார்: "ஆசைப்பட்டு ஆரம்பிக்கல மேடம். அரிசி வாங்கக் காசில்லாம ஆரம்பிச்சது. இதைத் தொழில்னு சொல்லிக்கவே கூச்சமா இருக்கு."

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் கடனைப் பற்றியும் மிரட்டலைப் பற்றியும் பக்கம் பக்கமாக இருக்கிறது. நான் நின்றுவிட்ட இடம் வேறு. நான்காம் பக்கத்தில் போகிறபோக்கில் ஒரு வரி: "வாசல்ல ஒட்டியிருக்கற கியூஆர் அட்டை அவரு பேருல. எவ்வளவு வந்துச்சுன்னு ராத்திரி அவருகிட்டதான் கேட்டுக்குவேன்." அதிகாலை நாலு மணிக்கு எழுந்து அரைத்து, தூக்குப் போசியில் மாவை அள்ளிப் போடுவது உங்கள் கை. பணம் வந்த செய்தி வருவது அவருடைய செல்போனுக்கு. குடும்பநல நீதிமன்றத்தில் நான் பார்த்த எத்தனையோ வழக்குகள் இந்த இடத்தில்தான் தொடங்கியிருக்கின்றன. ஆகவே உங்கள் கேள்விகளுக்கு வரிசையாகப் பதில் சொன்னாலும், எல்லாப் பதிலும் சுற்றிச் சுற்றி அந்த அட்டைக்குத்தான் வரும்.

முதலில் அந்தக் கூச்சத்தைப் பற்றி. தொழில்முனைவை ஆராய்கிறவர்கள், வாய்ப்பைப் பார்த்துத் தொடங்குகிறவர்கள், வேறு வழியில்லாமல் தொடங்குகிறவர்கள் என்று பிரித்துப் பேசுவதுண்டு. நம் ஊரில் அந்த இரண்டாம் வரிசை மிக நீளம். புருஷன் போனபின் அப்பளம் இட்டவர்கள், திண்ணையில் ஆப்பச் சட்டி வைத்தவர்கள், பூ கட்டியவர்கள், முறுக்குச் சுற்றியவர்கள் எல்லோரும் அதில் அடக்கம். கம்பெனியில் காலை எட்டரைக்கு நுழைந்தால் இரவு எட்டுக்கு வெளியே வரும் வேலைக்கு, பத்தாவது படிக்கிற பிள்ளையை வைத்துக்கொண்டு எல்லோராலும் போக முடியாது. வீட்டை விட்டு நகராமல் செய்யக்கூடியது எதுவோ அதைத்தான் பெண்கள் பிடித்துக்கொள்கிறார்கள். வீட்டுக்குள் நடப்பதாலேயே அது "வீட்டு வேலை"யாகிவிடுகிறது; அதில் வரும் காசும் வீட்டுக் காசாகிவிடுகிறது.

1972-ல் அகமதாபாத்தில் இளா பட் காய்கறி விற்கும் பெண்களையும் தலைச்சுமைப் பெண்களையும் சேர்த்து சேவா சங்கத்தைப் பதிவு செய்யப் போனபோது, "உங்களுக்கு முதலாளியே இல்லையே, எப்படித் தொழிற்சங்கம் ஆக முடியும்?" என்ற ஆட்சேபம் எழுந்தது. விடாமல் வாதாடித்தான் பதிந்தார்கள். ஏன் தொடங்கினீர்கள் என்று சட்டம் உங்களைக் கேட்கப்போவதில்லை. யார் பெயரில் நடக்கிறது என்று மட்டும்தான் கேட்கும்.

தொழில் யாருடையது?

உங்களுடையது. 1956-ம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 14-வது பிரிவு, ஒரு பெண் தன் திறமையாலும் உழைப்பாலும் சம்பாதித்த சொத்துக்கு அவளே முழு உரிமையாளர் என்று சொல்கிறது. கணவனுக்கு அதில் பாதி, கால் என்று எதுவும் எழுதப்படவில்லை.

கிரைண்டர் விஷயத்தில் உங்களுக்கு ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. "அவர்தான் வாங்கிக் கொடுத்தார், அதனால் உரிமை கேட்கிறார்" என்கிறீர்கள். எந்தப் பணத்தில் வாங்கினார்? உங்கள் தாய்வீட்டுச் சங்கிலியை அடகு வைத்த பணத்தில். அது சீதனம். கணவன் கையில் இருந்தாலும் மனைவியின் சீதனம் மனைவிக்கே சொந்தம், கல்யாணமானதால் அது பொதுச் சொத்தாகிவிடாது என்று உச்ச நீதிமன்றம் 1985-லேயே பிரதிபா ராணி வழக்கில் சொல்லிவிட்டது. அடகுச் சீட்டு அவர் பெயரில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். சங்கிலி போட்டுக்கொண்டிருக்கும் கல்யாணப் போட்டோ, கிரைண்டர் பில் இரண்டையும் ஒரே உறையில் போட்டு உங்கள் அம்மா வீட்டில் கொடுத்து வையுங்கள்.

ஆனால் காகிதத்தில் இருக்கும் உரிமை தினசரி நடைமுறையில் தேய்ந்துபோகும். மூன்று வருடம் எல்லாப் பணமும் அவர் கணக்கில் விழுந்தால், நாளை நீதிமன்றத்தில் "என் வியாபாரம், இவள் ஒத்தாசை செய்தாள்" என்று வங்கிக் கணக்கை நீட்டுவார். அதற்கு எதிராக நீட்ட உங்களிடம் என்ன இருக்கும்? மகளிர் உரிமைத் தொகை வருகிற கணக்கு உங்கள் பெயரில்தானே இருக்கிறது? அந்த வங்கிக்குப் போய் உங்கள் செல்போன் எண்ணை இணைத்து, உங்கள் பெயரில் கியூஆர் அட்டை வாங்குங்கள். வீட்டுச் சண்டையாக்காமல் இதைச் செய்யலாம். "மெஸ்காரர் மேல புகார் கொடுக்கணும்னா என் கணக்கு வேணுமாம்" என்று சொல்லுங்கள். அது பொய்யும் இல்லை. ஏன் என்று கீழே வருகிறது.

பதிந்தால் உரிமைத் தொகை போய்விடுமா?

உங்கள் மாமியாரின் பயம் நியாயமான பயம்தான். ஆனால் கணக்கு தவறு. விற்பனையும் வருமானமும் ஒன்றில்லை. வருடத்துக்கு ஏறக்குறைய ஐந்து லட்சத்துக்கு மாவு விற்கிறீர்கள். அதில் உங்களுக்கு நிற்பது 1,56,000 ரூபாய். உங்கள் கணவர் கொண்டுவரும் மாதம் 6,000 ரூபாயையும் சேர்த்தால் குடும்ப வருமானம் 2,28,000. கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்கு வைத்திருக்கும் குடும்ப வருமான வரம்பு ஆண்டுக்கு இரண்டரை லட்சம். தொழில் செய்கிறவர்களில் விலக்கப்பட்டிருப்பது 50 லட்சத்துக்கு மேல் விற்று ஜிஎஸ்டி கட்டுகிறவர்கள். பதிவு செய்தார் என்ற ஒரே காரணத்துக்காக யாரையும் நீக்கச் சொல்லி விதி இல்லை. ஆனால் வியாபாரம் வளர்ந்து வருமானம் வரம்பைத் தாண்டினால் அந்தத் தொகை நிற்கலாம். அதையும் சேர்த்துத்தான் நீங்கள் கணக்குப் போட வேண்டும். உங்கள் வருமானத்துக்கு வருமான வரி வராது. சரக்கு விற்கிறவர்களுக்கு ஜிஎஸ்டி பதிவு 40 லட்ச விற்பனைக்கு மேல்தான்.

செய்ய வேண்டியவை இரண்டு. முதலாவது உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவு. இதைத் தள்ளிப்போடாதீர்கள், வீட்டில் செய்து விற்றாலும் பதிவு கட்டாயம். உங்களைப்போல் சிறிய அளவில் விற்பவர்களுக்கு வருடக் கட்டணம் 100 ரூபாய்தான். பதினான்கு இலக்க எண் ஒன்று தருவார்கள். யாராவது ஒருவர் வயிற்றுவலி என்று புகார் கொடுத்தால், பதிவு இல்லாதவரின் பேச்சு எடுபடாது.

இரண்டாவது உத்யம் பதிவு, அதாவது சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு. ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் இணையத்தில் இலவசமாகச் செய்யலாம். அதில் வங்கிக் கணக்கு விவரமும் கேட்பார்கள்; உங்கள் பெயரில் கணக்கு வேண்டும் என்று மேலே சொன்னது இதனால்தான். இதற்கு ஆயிரம், இரண்டாயிரம் கேட்கும் இடைத்தரகர்களிடம் போகாதீர்கள். மெஸ்காரர் கதை இங்கேதான் வருகிறது. 2006-ம் வருடக் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, பதிவு செய்த சிறு உற்பத்தியாளரிடம் சரக்கு வாங்குகிறவர் எழுத்து ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளிலும், இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும் பணம் தர வேண்டும். தவறினால் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி உண்டு. பதிவுக்குப் பிறகு கொடுக்கும் மாவுக்கு இந்தப் பாதுகாப்பைத் தயங்காமல் கேட்கலாம். பழைய 18,000-க்கு இதை முழுசாக நம்ப வேண்டாம். அதற்கு நான் சொல்வது வக்கீல் பேச்சாக இருக்காது: இந்த வாரத்திலிருந்து அவருக்கு மாவு நிறுத்துங்கள். "பாக்கியில ஆயிரம் கொடுங்க, இன்னிக்கு மாவு எடுத்துக்குங்க" என்று சொல்லுங்கள். பாக்கி இவ்வளவு என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கிவிடுங்கள். வாட்ஸ்அப்பில் அவர் "ஆமா, அடுத்த வாரம் தரேன்" என்று எழுதினாலும் அது சான்றுதான், அழித்துவிடாதீர்கள்.

வாடகை வீட்டின் உரிமையாளர் கரண்டைப் பற்றி முணுமுணுப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். வீட்டு இணைப்பில் வியாபாரம் நடப்பதாக மின்வாரியம் கண்டால் இரு மடங்குக் கட்டணம் போட முடியும். அவர் பயத்திலும் நியாயம் இருக்கிறது. குடிசைத் தொழிலுக்கென்று தனிக் கட்டண வகை உண்டு. அவரையும் கூட்டிக்கொண்டு பிரிவு அலுவலகத்தில் கேளுங்கள். கோபத்தில் தண்ணீரையோ கரண்டையோ நிறுத்த மட்டும் அவருக்கு உரிமை இல்லை.

காலை ஏழு மணிக்கு வாசலில் உட்காருகிறவர்கள்

இங்கே உங்களுக்குக் கசப்பான ஒன்றைச் சொல்லியாக வேண்டும். "ஆட்டோவுக்காக எடுத்தது, அதனால் அவர் கடன்தானே" என்று கேட்கிறீர்கள். சட்டப்படி அது உங்கள் கடன். பணம் யார் கைக்குப் போனது என்பதை விட யார் கையெழுத்து என்பதைத்தான் பார்ப்பார்கள். அதேபோல் ஆட்டோ ஃபைனான்ஸில் ஜாமீன் கையெழுத்து போட்டிருக்கிறீர்களா என்று இன்றே பாருங்கள். போட்டிருந்தால் வண்டியை விற்றபின் விழும் பாக்கிக்கும் உங்களிடம் வரலாம். போடவில்லையென்றால், மனைவி என்பதற்காக மட்டும் அவர் கடனை உங்களிடம் கேட்க முடியாது.

கடன் உங்களுடையது என்பதால் மானமும் அவர்களுடையதாகிவிடாது. நுண்கடன் எனப்படும் இந்தக் குழுக்கடன்கள் பற்றி ரிசர்வ் வங்கி 2022-ல் கொண்டுவந்த விதிகள் அமலில் இருக்கின்றன. காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பிறகும் வசூலுக்கு வரக் கூடாது. மிரட்டக் கூடாது, கெட்ட வார்த்தை பேசக் கூடாது, உறவுக்காரர்களையோ பக்கத்து வீட்டாரையோ தொந்தரவு செய்யக் கூடாது. வசூல் இடம் இரு தரப்பும் பேசி முடிவு செய்த இடமாக இருக்க வேண்டும். ஆனால் அந்த இடத்துக்கு நீங்கள் தொடர்ந்து இரண்டு முறை வராவிட்டால் வீட்டுக்கு வர அவர்களுக்கு அனுமதி உண்டு. குழுக்கடன் வசூல் நடக்கும் சென்டர் கூட்டங்களில் கடைசி மூன்றுக்கு வெட்கத்தில் போகவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். தெரியாமல் நீங்களே கதவைத் திறந்து விட்டிருக்கிறீர்கள். அடுத்த கூட்டத்துக்குக் கண்டிப்பாகப் போங்கள். பணம் இல்லாவிட்டாலும் போங்கள். போய், எவ்வளவு கட்ட முடியும் என்று எழுதிய தாளைக் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள்.

இன்னொன்று. ஒரு குடும்பத்தின் எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டாதபடிதான் நுண்கடன் கொடுக்க வேண்டும் என்கின்றன அதே விதிகள். உங்கள் வீட்டு வருமானம் 19,000. அதில் பாதி 9,500. நீங்கள் கட்டுவது 11,000-க்கு மேல். மூன்றாவது கடனைக் கொடுத்தபோது இருந்த வருமானத்தைத்தான் பார்ப்பார்கள் என்றாலும், இதைக் காட்டித் தவணைக் காலத்தை நீட்டிக் கேட்க உங்களுக்கு வலுவான இடம் இருக்கிறது. இதனால் கடன் தள்ளுபடியாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்தில் புகார். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர். 14448-ல் வழி கேட்கலாம். கட்டாய வசூலைத் தடுக்க 2025-ல் தமிழ்நாட்டிலும் தனிச் சட்டம் வந்திருக்கிறது; மிரட்டல் எல்லை மீறினால் காவல் நிலையத்துக்குப் போகத் தயங்க வேண்டாம்.

தண்டல்காரரிடம் பத்தாயிரம் வாங்கி ஒரு குழுவை அடைத்துவிடலாமா என்று யோசிக்கிறீர்கள். தயவு செய்து வேண்டாம். எண்ணாயிரத்து ஐந்நூறு கையில் கொடுத்துப் பத்தாயிரம் எழுதிக்கொள்வார். தமிழ்நாட்டின் 2003-ம் வருடக் கந்துவட்டித் தடைச் சட்டம் மீட்டர் வட்டி, மணி வட்டியோடு தண்டலையும் பெயர் சொல்லித் தடுத்திருக்கிறது. அப்படியிருந்தும் நாள்தோறும் அது நடக்கிறது, அதில் உயிரும் போகிறது.

நீங்கள் கேட்காத ஒன்று

ஒரே கம்பெனியில் ஏழு வருடம் என்று எழுதிவிட்டுக் கடந்து போயிருக்கிறீர்கள். ஐந்து வருடம் தொடர்ந்து வேலை பார்த்தவருக்குப் பணிக்கொடை உண்டு: ஒவ்வொரு வருடத்துக்கும் பதினைந்து நாள் சம்பளம். பீஸ் ரேட்டில் தைத்தவர்களுக்கும் உண்டு. கேட்டீர்களா? பிஎஃப் பிடித்தார்களா? சம்பளச் சீட்டில் யுஏஎன் என்று ஒரு எண் இருக்கும். முந்தைய கம்பெனிகளில் பிடித்ததையும் அதே எண்ணில் சேர்க்கச் சொல்லுங்கள். சந்தா கட்டிய காலம் பத்து வருடத்தைத் தொட்டால் பின்னாளில் பென்ஷன் வரும் வாய்ப்பு இருக்கிறது. ஆகவே பென்ஷன் பகுதியை அவசரப்பட்டு எடுத்துவிடாதீர்கள். தண்டல்காரர் வாசலுக்குப் போகும் முன் தேட வேண்டிய பணம் இது.

சம்பாதிக்கிறவள் ஜீவனாம்சம் கேட்கக் கூடாதா?

கேட்கலாம். மனைவிக்கு வருமானம் இருப்பது மட்டுமே ஜீவனாம்சத்தை மறுக்கக் காரணமாகாது என்று உச்ச நீதிமன்றம் 2020-ல் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. தொகை கூடலாம், குறையலாம். பிள்ளைகளுக்கான ஜீவனாம்சம் தனி உரிமை. தாய் மாவு விற்கிறாள் என்பதால் தகப்பன் கடமை தீராது. இப்போது இது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-வது பிரிவில் வருகிறது.

உங்கள் கணவர் கெட்டவர் என்று நீங்கள் எங்கும் எழுதவில்லை. ஆட்டோ போனபின் வீட்டில் தன் இடம் போய்விட்டதாக அவருக்குத் தோன்றுகிறது என்று எனக்குப் படுகிறது. வழக்கை முதல் படியாக நான் சொல்ல மாட்டேன். ஆனால் பணத்தை வாங்கிக்கொண்டு அரிசிக்குத் தராமல் விட்டாலோ, சங்கிலியை மூழ்கவிட்டாலோ, அதற்கு 2005-ம் வருடக் குடும்ப வன்முறைச் சட்டத்தில் பொருளாதார வன்முறை என்றே பெயர் இருக்கிறது. அடித்தால்தான் வன்முறை என்று நினைத்திருந்தால் அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

கம்பெனிக்குத் திரும்பலாமா?

ஆர்டர் வந்து கூப்பிட்டால், போவதில் எந்தத் தோல்வியும் இல்லை. பிஎஃப், இஎஸ்ஐ உள்ள வேலையைச் சொந்தத் தொழிலைவிடத் தாழ்வாக நான் நினைக்கவில்லை. பெரிய பெண்ணின் பத்தாம் வகுப்பு முடியும்வரை மாவையே தொடருங்கள் என்பது என் யோசனை; காரணம் நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அவள் பள்ளியிலிருந்து வரும்போது நீங்கள் வீட்டில் இருக்கிறீர்கள். ஆனால் ஒரு நாளைக்கு முப்பது கிலோவை அறுபதாக்க வேண்டும் என்று இப்போதே இன்னொரு கடன் வாங்காதீர்கள். முத்ரா கடனில் ஐம்பதாயிரம் வரை ஈடு இல்லாமல் வங்கியிலேயே கிடைக்கும். மாவட்டத் தொழில் மையத்தில் பெண்களுக்கான மானியத் திட்டங்களும் உண்டு. ஆறு மாதம் உங்கள் கணக்கில் வரவு ஓடட்டும். அதற்குப் பிறகு அந்தக் கணக்கைக் காட்டிக் கேளுங்கள். இன்று கடன் வாங்கினால் அது கிரைண்டருக்குப் போகாது, பழைய தவணைக்குத்தான் போகும்.

வருகிற திங்கட்கிழமை காலை மாவு விற்று முடித்ததும், நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துக் கொடுக்க வேண்டும் என்பது 1987-ம் வருடச் சட்டம். அலுவலகம் எங்கே என்று தெரியாவிட்டால் 15100-ல் கேளுங்கள். வீட்டில் நிலைமை மோசமானால் 181. மூன்று கடன் அட்டைகள், அடகுச் சீட்டின் படம், கிரைண்டர் பில், சம்பளச் சீட்டு, மெஸ் கணக்கு எழுதிய நோட்டு ஆகியவற்றைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். போகிற வழியில் வங்கியில் இறங்கி, வாசலில் ஒட்டுவதற்கு உங்கள் பெயர் போட்ட அட்டைக்கு எழுதிக் கொடுத்துவிடுங்கள்.